காய்ச்சலைக் கேட்காத பக்கவாத டாக்டர்

பக்கவாதப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் சாதனைகளைப் பற்றிப் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தவறுகளைப் பற்றி என்றால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். அதனால் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் சேலத்தில் நரம்பியல் மருத்துவனாக இருந்தேன். பக்கவாதம் ஏன் வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை. ஜனங்களிடம் வேறொரு பட்டியல் இருந்தது: செய்வினை, கெட்ட காற்று, தலைக்குக் குளித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே படுத்தது. வைத்தியத்துக்குப் புறா ரத்தம். அந்தப் பட்டியலைப் பார்த்து நான் ரொம்ப வருடம் சிரித்திருக்கிறேன். என் பட்டியலும் பட்டியல்தான், அதற்கு வெளியேயும் உலகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காய்ச்சலா? அது இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்திருக்கும் பொது மருத்துவரின் சமாச்சாரம். அவர் மூளையைத் தொடமாட்டார், நான் காய்ச்சலைத் தொடமாட்டேன். எங்களுக்குள் அவ்வளவு நாகரிகம்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு புதிய தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் நிர்வாக இயக்குநர் திருச்செங்கோட்டுக்காரர். நூல் வியாபாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர். நல்ல மனிதர். எதையும் ஆரம்பித்தால் அது நகரத்திலேயே முதலாவதாக இருக்க வேண்டும், முதலாவதாக இல்லாவிட்டால் பெரியதாகவாவது இருக்க வேண்டும் என்று நினைப்பவர். பக்கவாதத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். நோயாளி உள்ளே வந்த நொடியிலிருந்து நேரம் ஓடுவதைக் காட்ட, அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் கதவளவுக்கு ஒரு சிவப்பு எழுத்துக் கடிகாரம் மாட்டினார். அது ஓடும் வேகத்தைப் பார்த்தால் நோயாளியைக் கூட்டிவந்தவருக்கும் பக்கவாதம் வரும் போலிருக்கும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உங்களுக்குத் தெரியும். நோய் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த ஊசி போட்டு முதலில் எழுந்து நடக்கப்போகிறவருக்காகச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரே தயாராக இருந்தது. இயக்குநர் படம் ஒரு பக்கம், என் படம் ஒரு பக்கம், நடுவில் நோயாளிக்கு வட்டமாக ஒரு வெற்றிடம். பன்னிரண்டு நாள் அந்த வட்டம் காலியாகவே கிடந்தது. யாருக்கும் பக்கவாதம் வரவில்லையே என்று நாங்கள் முகம் வாடி நடந்தோம். இப்படிக் கவலைப்பட எங்கள் தொழிலில் மட்டும்தான் முடியும்.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சேகர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வலது கை, வலது கால் இரண்டும் அசையவில்லை. வாய் கோணியிருந்தது. பேச்சு வரவில்லை. கண் மட்டும் எல்லாம் புரிந்ததுபோல் சுற்றிச்சுற்றி வந்தது. கூட அவர் மனைவி மலர், தோளில் ஒரு துணிப்பை.

“எத்தனை மணிக்கு வந்துச்சும்மா?” என்று கேட்டேன்.

“எட்டே முக்காலுங்க. இட்லி தின்னுட்டு இருந்தாருங்க. தட்டு கையில இருந்து உளுந்துருச்சு. ஏனுங்க, என்னாச்சுன்னு கேக்கறேன், வாய் கோணுது, பேச்சே வல்லீங்க.”

பி.பி. உண்டா, சர்க்கரை உண்டா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, தலையில் அடிபட்டதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “இல்லீங்க” என்றாள். ஸ்கேன் எடுத்தோம். மூளையில் ரத்தக்கசிவு இல்லை. கேஸ் ஷீட்டில் காய்ச்சலுக்கான கட்டத்தில் சாதாரணம் என்று எழுதியிருந்தது. மணி பத்தே முக்கால்கூட ஆகவில்லை. பாடப் புத்தகத்திலிருந்து நேராக எழுந்து வந்த நோயாளி. கதவுக்கு வெளியே இயக்குநர் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் கேமராவுடன் ஒருவர்.

“போட்டாச்சுங்களா டாக்டர்?”

“போடப்போறோமுங்க.”

மருந்தைக் கலக்க வேண்டியவர் எங்கள் மூத்த நர்ஸ். மேச்சேரி ஊர். அதே பெயரில் இன்னொரு நர்ஸ் இருந்ததால் எல்லோரும் மேச்சேரி சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். மேச்சேரி ஆடு பேர்போனது; அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆட்டைப் பற்றிக் கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசமாட்டார். அன்றைக்குச் சேகரின் இடது கையில் மருந்து ஏற்ற இன்னொரு ஊசி குத்தப்போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சார், இந்த வெரலக் கொஞ்சம் பாருங்க.”

விரல் நுனிகளில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். நகத்துக்கு அடியில் சிலாம்பு ஏறியதுபோல் மெல்லிய கோடுகள்.

“ரிக் வேலை பாக்கறவர் சிஸ்டர். கிரீஸா இருக்கும்.”

சிஸ்டர் ஸ்பிரிட் பஞ்சை எடுத்து ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்தார். பிறகு பஞ்சை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அது வெள்ளையாகவே இருந்தது.

“கிரீஸுன்னா பஞ்சுல வரோணுமே சார்.”

“கொசு கடிச்சிருக்கும்.”

“நகத்துக்குள்ளாற எப்படிங்க சார் கொசு கடிக்கும்?”

பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. சுவரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூளை செல்கள் நொடிக்கு நொடி செத்துக்கொண்டிருக்கின்றன என்று நானே கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவன். இங்கே நின்று விரல் ஜோசியம் பார்க்கிறோம்.

“மருந்தைக் கலங்க சிஸ்டர்.”

“கலக்கறேன் சார். நெஞ்சுல ஒருக்கா ஸ்டெத் வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அடுத்த நொடி கலக்கறேன்.”

குரலை உயர்த்தவில்லை. மருந்துக் குப்பியைக் கையில் வைத்திருந்தார், மூடியைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது.

ஸ்டெதஸ்கோப் என் கழுத்தில்தான் இருந்தது. பல வருடங்களாக அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் எனக்கு அது கல்யாண மாப்பிள்ளையின் மாலை மாதிரி. போட்டுக்கொண்டால் போதும், எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தகராறை முடிப்பதற்காகவே அதைச் சேகரின் நெஞ்சில் வைத்தேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அது வேர்வை என்பதே அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இதயத்துடிப்புக்கு நடுவே, ஒழுகும் குழாயில் காற்று பீய்ச்சுவதுபோல் ஒரு ‘புஸ்’ சத்தம். இடத்தை மாற்றி வைத்தேன். அங்கேயும் புஸ்.

நான் காதில் குழாயோடு குனிந்திருந்தபோது சிஸ்டர் மலரைப் பார்த்துத் திரும்பினார். காய்ச்சல் இருந்ததா என்று அவரும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

“ஏம்மா, ஆளு இவ்வளவு இளைச்சிருக்காரு. எத்தன நாளாச்சு ஒழுங்காச் சோறு தின்னு?”

மலரின் முகம் மாறியது. “மூணு வாரமாச்சுங்க சிஸ்டர்.”

“மூணு வாரமா என்ன பண்ணுச்சு?”

அவள் துணிப்பையைத் திறந்து கட்டில் ஓரத்தில் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள். பாதி கிழித்தவை, கால் கிழித்தவை. மத்தியப் பிரதேசத்தில் ரிக் நின்ற இடத்தில் ஒரு மருந்துக்கடை கொடுத்தது, வழியில் ஒரு டாக்டர் கொடுத்தது, ராசிபுரத்தில் ஒருவர், நாமகிரிப்பேட்டையில் இருவர். ஒவ்வொருவரும் இரண்டு நாளைக்கு ஒரு ஆன்டிபயாடிக். காய்ச்சல் குறைந்ததும் மாத்திரையை நிறுத்துவது, திரும்ப வந்ததும் அடுத்தவரிடம் தாவல். அன்று காலையிலும் காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டிருக்கிறார். எங்கள் வெப்பமானி அந்த மாத்திரையைத்தான் அளந்திருக்கிறது.

“ஏம்மா இத மொதல்லயே சொல்லல?” என்றேன். என் குரல் அதட்டலாகத்தான் வந்தது.

“காச்சல்னு சொன்னா கொண்டுபோய்த் தனியா வெச்சிருவீங்கன்னு பயந்துட்டனுங்க. கொரோனாவுல எங்க மாமனாரக் காச்சல்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மொகத்தக்கூடக் காட்டலீங்க. சுத்திக் கட்டிக் குடுத்துட்டாங்க.”



சிஸ்டர் விடவில்லை. “சின்ன வயசுல இவருக்கு முட்டி கிட்டி வீங்கிக் காச்சல் வந்துச்சுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?”

“ஆமாங்க. எங்க மாமியா சொல்லுவாங்க. நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குதுன்னு அப்பவே டாக்டரு சொன்னாராமா. பல்லுகூட ஒண்ணு சொத்தையாகிச் சீழ் வெச்சிருக்குதுங்க, போன மாசத்துல இருந்து.”

அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் பழுதான இதய வால்வு. சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் இறங்கிய கிருமி. அது வால்வில் ஒட்டிக் கூடு கட்டி, மூன்று வாரம் காய்ச்சல் கொடுத்துவிட்டு, ஒரு துணுக்காகப் பிய்ந்து மூளையின் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது. இது கிருமி உருண்டை. இதற்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால், கிருமி அரித்து வலுவிழந்த ரத்தக்குழாய் உடைந்து மூளைக்குள் ரத்தம் கொட்டும். இன்னும் இரண்டு நிமிடத்தில் நான் போட்டிருப்பேன். பேனரில் அந்த வட்டத்தையும் நிரப்பியிருப்பேன்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு நிச்சயம் எதுவும் இல்லை. எங்கள் இதய மருத்துவர் கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். எக்கோ எடுக்க ஆள் இல்லை. கையில் இருந்தது ஒரு புஸ் சத்தம், சில புள்ளிகள், ஒரு பை மாத்திரை. என் சந்தேகம் தப்பாக இருந்தால், ஊசி போடாததால் ஒரு டிரில்லரின் வலது கை போகும். சந்தேகம் சரியாக இருந்து ஊசி போட்டால் ஆளே போவார். கை திரும்ப வரலாம், வராமலும் போகலாம்; உயிர் வராது என்று எடை போட்டேன். 

ஊசி இல்லாமல் கம்பி விட்டு அடைப்பை இழுத்து எடுக்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. இருபது நிமிட தூரத்தில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரியில் இருந்தது. நாங்கள் அதன் பெயரைச் சொல்லமாட்டோம். ‘அவங்க’ என்போம். அங்கே இருந்த மருத்துவர் ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி பெற்றவர். போன் போட்டேன். “அனுப்புங்க சார், கேத் லேப் காலியாத்தான் இருக்கு” என்றார்.

வெளியே வந்து இயக்குநரிடம் சொன்னேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கேமராக்காரரை.

“ஏனுங்க டாக்டர், பன்னண்டு நாளு தவங்கெடந்து வந்த மொதப் பேஷண்ட்டு. அவங்களுக்கே தூக்கிக் குடுக்கறீங்களே?”

“நம்மகிட்ட இருக்கற ஊசி இவருக்கு ஆகாதுங்க.”

“போட்டா என்னாகுமுங்க?”

“செத்துப்போகலாமுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குள்ளே மலர் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். “அந்தப் புள்ளைக்குக் கொழந்தைக இருக்குதுங்களா?” என்று கேட்டார். இரண்டு என்றேன். பெருமூச்சு விட்டார்.

“செரி, நம்ம ஆம்புலன்ஸ்லயே அனுப்புங்க. அவங்க வாசல்ல நம்ம பேராச்சும் பத்து நிமிசம் நிக்கட்டும்.”

நின்றது. அடைப்பை இழுத்து எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது, வாயில் குடியிருக்கும் வகைக் கிருமி அதில் வளர்ந்தது. எக்கோவில் வால்வின் மேல் தளர்வாக ஆடும் ஒரு சதைத்துணுக்கு. ஆறு வாரம் ஊசி மருந்து, பிறகு வால்வு மாற்றும் அறுவை. சேகருக்குப் பேச்சு வந்தது, சில சொற்கள் மட்டும் தேட வேண்டியிருக்கிறது. கால் நன்றாகிவிட்டது. வலது கை விரல்களில் சட்டைப் பித்தான் போட முடிவதில்லை. ரிக் வேலைக்குத் திரும்பவில்லை. வண்டி நிறுத்தும் ஷெட்டில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கிறார். முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். உயிரோடு இருக்கிறார்.

‘அவங்க’ முழு வெற்றி என்றே சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து நகரத்தின் மூன்று முக்கியச் சந்திப்புகளில் சேகர் இடது கையை உயர்த்திச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ் வந்தது. எங்கள் இயக்குநர் காரில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். “நல்லாத்தானுங்க இருக்காரு, முன்னைக்குச் சதை போட்டிருக்காரு” என்றார். போனை வைத்துவிட்டார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

இத்தோடு நிறுத்தினால் இது ஓர் அருமையான கதை. பல கூட்டங்களில் நான் இத்தோடுதான் நிறுத்தியிருக்கிறேன், அதுவும் விரல் புள்ளிகளைக் கண்டுபிடித்தது நான்தான் என்று கேட்பவர்கள் நினைக்கும்படியாக.

அந்த வாரக் கடைசியில் சிஸ்டரிடம் கேட்டேன். “உங்களுக்கு எப்படித் தோணுச்சு? எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?”

அவர் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே சொன்னார். “புத்தகமெல்லாம் இல்லீங்க சார். நாம ரெண்டு பேரும் பழைய ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராசிபுரத்துல இருந்து ஒரு தறிக்காரம்மா வந்தாங்க. பட்டு நெய்யறவங்க. நெனப்பு இருக்குதுங்களா?”

எனக்கு இல்லை.

“இதே மாரி வெரல்ல புள்ளி இருந்துச்சு சார். அப்ப அது என்னன்னு எனக்கும் தெரியல. நீங்க ஊசி போட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போயிட்டாங்க. அப்புறம் நம்ம காச்சல் டாக்டருகிட்டப் போய் அந்தப் புள்ளி என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன்.”

காய்ச்சல் டாக்டர் என்றது இரண்டு கதவு தள்ளி இருந்தவரை. எட்டு வருடம் அவரோடு டீ குடித்திருக்கிறேன்.

பழைய ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பில் நர்ஸ் குறிப்பில் சிஸ்டரின் கையெழுத்து: ‘இரண்டு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல் — கணவர் கூறியது.’ அதற்குக் கீழே என் கையொப்பம், நேரத்தோடு. இறப்பு ஆய்வுக் குறிப்பில் நான் எழுதியிருந்தது: ‘மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு.’ பொய் இல்லை. மருந்தைக் குற்றம் சொல்லும் உண்மை அது.

தொற்றுக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி உங்கள் பாடத்தில் இருக்கும். வால்வில் கிருமி கூடு கட்டுவது அரிது. ஆனால் சாதாரணச் சளிக்காய்ச்சல், நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று இவற்றுக்குப் பின்னும் சில வாரங்களுக்கு ரத்தம் சுலபமாக உறைகிறது, குழாய்ச் சுவர் வீங்குகிறது, பக்கவாதத்தின் வாய்ப்பு கூடுகிறது. இதெல்லாம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். ஸ்கேன் எடுக்கப் போகும் வழியிலேயே கேட்டுவிடலாம்: இந்த மாதத்தில் காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை போட்டீர்கள். நேரம் ஒன்றும் வீணாகாது. வேகமாகப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது காதைக் கழற்றி வைக்காதீர்கள்.

அப்புறம் ராசிபுரத்துக்குப் போனேன். கோப்பில் முகவரி இருந்தது. நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த ஒரு கூடத்தில் அந்த அம்மாவின் கணவர் கூலிக்கு இருந்தார். கைத்தறியை விட்டுவிட்டாராம். என்னை அடையாளம் கண்டுகொண்டு பதறினார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க டாக்டர். அந்த ஓட்டம் ஓடுனீங்க, எங்க கண்ணாலயே பாத்தமே” என்றார். டீ வாங்கிவர ஆளை அனுப்பினார்.

டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அது வந்துவிட்டால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

“அவங்களுக்கு ரெண்டு வாரமா காய்ச்சல் இருந்துச்சு. அதை நான் படிக்கல. படிச்சிருந்தா அந்த ஊசிய போட்டிருக்க மாட்டேன்” என்றேன்.

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எழுந்து போய் நாலு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை, எனக்கு எதிரே நின்றார்.

“உங்ககிட்டயே சொன்னேனே டாக்டர்,” என்றார். “ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடி வந்து சொன்னேன். காச்சல்னு ரெண்டு தடவ சொன்னேன்.”